நனைந்தால் பசிக்கும் மாவு

ராஜாக்களின் பெயரைக்கூட யாரும் கல்லில் வெட்டிவைக்காத, அவ்வளவு முந்தைய காலம் அது. நீலமேகபுரம் என்று ஒரு நாடு. அந்த நாட்டு ராஜாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் மரகதவல்லி, இளையவள் மணிமாலை. மூத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அந்த நாட்டில் கல்யாணப் பெண்ணுக்கு மூன்று நலங்கு வைப்பார்கள். மூன்று தடவையும் அவள் முகம் கழுவத் தண்ணீர் ஊற்ற வேண்டியது கூடப்பிறந்த தங்கைதான். வேறு யாரும் சொம்பைத் தொடக்கூடாது.

மரகதவல்லிக்கு முகமெல்லாம் பரு. பயற்றமாவு, கடலைமாவு, கஸ்தூரி மஞ்சள் என்று எதை எதையோ பூசிப் பார்த்துவிட்டாள். பரு அசையவில்லை. அழுது அழுது கண்ணும் வீங்கியதுதான் மிச்சம்.

முதல் நலங்கு அன்று முக்காடு போட்ட ஒருத்தி அரண்மனைக்கு வந்தாள். இடுப்பில் ஒரு வெண்கல ஜாடி இருந்தது.

“என் மாவு காய்ஞ்சு கிடந்தா தூங்கும் தாயி. தண்ணி பட்டா எழுந்துக்கும். முகத்து அழுக்கையும் செத்த தோலையும் தின்னுடும். ஆனா ஜாடிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி விழக்கூடாது. விழுந்தா ஊரையே தின்னுடும்” என்றாள். பிறகு மெல்லப் பாடினாள்: “காய்ந்தால் உறக்கம், நனைந்தால் பசி.”

அக்காவின் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மாவு விழுந்தது. மணிமாலை தண்ணீர் ஊற்றினாள். மாவு நுரைத்துக்கொண்டு எழுந்தது. நுரைக்குள்ளிருந்து பூனை நக்கிக் குடிப்பது போல ஒரு சத்தம். பசி... பசி... பசி...

கழுவிப் பார்த்தால் ஒரு பரு இல்லை! புருவத்துத் தழும்பும் இல்லை. சின்ன வயதில் மணிமாலை ஊஞ்சலிலிருந்து தள்ளிவிட்டதால் வந்த தழும்பு அது. அது போனதில் அக்காவைவிடத் தங்கைக்குத்தான் சந்தோஷம். கழுவிய தண்ணீரைக் கீழே கொட்ட விடாமல் கிண்ணத்தில் பிடித்துக்கொண்டு போனாள் முக்காட்டுக்காரி. கூலியாக வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

இரண்டாம் நலங்கு. காய்ந்தால் உறக்கம், நனைந்தால் பசி. இந்தத் தடவை அக்காவின் கன்னத்து மச்சம் போனது. சிரித்தால் விழும் குழியும் போனது. மூக்கும் வாயும்கூட வெளுத்துப்போன சேலைப் பூ மாதிரி மங்கிவிட்டன. கண்ணாடியைப் பார்த்து மரகதவல்லி பூரித்துப்போனாள். அந்த நேரம் உள்ளே வந்த ராணி, பெற்ற மகளைப் பார்த்து, “யாரம்மா நீ? எந்த ஊர்?” என்று கேட்டாள்.

மணிமாலை முக்காட்டுக்காரி பக்கம் திரும்பிப் பார்த்தாள். காற்றில் முக்காடு விலகியிருந்தது. முக்காட்டுக்காரியின் கன்னத்தில் அக்காவின் மச்சம். புருவத்தில் அக்காவின் தழும்பு. அவள் சிரித்தாள், அக்காவின் குழி விழுந்தது.

“அக்கா, அவ உன் முகத்தைத் திருடறா! மூணாவது நலங்கு வேண்டாம்!”

“பொறாமைடி உனக்கு” என்றாள் மரகதவல்லி. “எனக்கு வந்த அழகு உன் கண்ணை உறுத்துது.”

அந்தச் சொல் மணிமாலையைச் சுருக்கென்று தைத்தது. அவள் அப்பாவிடம் போனாள். அவர் கல்யாண வேலையில் மூழ்கியிருந்தார். “போம்மா, போய் பூ கட்டு” என்றார்.

நலங்கு வைத்த இடத்தில் போய்த் தனியாக உட்கார்ந்தாள். அங்கே தரையில் கொஞ்சம் நுரை சிந்திக் கிடந்தது. அது ஊர்ந்து போய் உதிர்ந்த மல்லிகையைத் தின்றது. செத்த விட்டில் ஒன்றைத் தின்றது. அப்புறம் தின்ன ஒன்றுமில்லை. பசி, பசி என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தன்னையே தின்ன ஆரம்பித்தது. சத்தம் தேய்ந்தது. மணிமாலை பயந்துகொண்டே விரலால் தொட்டுப் பார்த்தாள். வெறும் சேறு.

கல்யாணத்தன்று காலை மூன்றாம் நலங்கு. அன்றோடு அக்காவுக்கு முகமே இருக்காது. அந்த முகத்தோடு முக்காட்டுக்காரி மணவறையில் உட்காருவாள். மணிமாலைக்கு அது நன்றாகத் தெரிந்தது. சொம்பை எடுத்தாள்.

“ஊத்து கண்ணு, முகூர்த்தம் நெருங்குது” என்றாள் முக்காட்டுக்காரி.

மணிமாலை ஊற்றினாள். அக்காவின் கையில் இல்லை. ஜாடிக்குள், சொம்பு காலியாகும் வரை!

“அடிப்பாவி!” என்று அலறினாள் முக்காட்டுக்காரி. ஜாடி துள்ளியது. மணிமாலை மூடியைப் போட்டு இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். இடுக்கு வழியாக வந்த நுரை அவள் உள்ளங்கையைக் கடித்தது. உயிர் போகிற வலி. உள்ளேயிருந்து குரல்கள் வந்தன.

“மணி, நான் அம்மா. மூச்சு முட்டுதும்மா, திற.”

அவள் திறக்கவில்லை.

“நான் அப்பா சொல்றேன், திற.”

திறக்கவில்லை.

“மணி, நான் அக்காடி. உன்னைத் தப்பா பேசிட்டேன். என்னை மன்னிச்சுத் திறடி.”

மணிமாலை தேம்பித் தேம்பி அழுதாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தானே அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள்? ஆனாலும் கையை எடுக்கவில்லை. உள்ளே பசி மெதுவாகத் தன்னையே தின்றது. குரல் கம்மியது, முனகலானது, அடங்கியது.

முக்காட்டுக்காரியின் முகத்திலிருந்து மச்சம் போனது. தழும்பு போனது. எந்தெந்த ஊர்ப் பெண்களுடையவையோ, கண்கள், உதடுகள், மூக்குகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று காற்றோடு போயின. மிஞ்சியது முட்டை ஓடு போல ஒரு வழவழப்பு. ஒரு மறு இருக்கக்கூடாது என்று முதல்முதலில் அவள் கழுவியது தன் முகத்தைத்தான். பாவம், தடவிக்கொண்டே சுவரோரமாக நடந்து வெளியே போய்விட்டாள்.

மரகதவல்லி முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். பரு இருந்தது, மச்சம் இருந்தது, தழும்பும் இருந்தது. “என் செல்லமே!” என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள் ராணி. மரகதவல்லியோ தங்கையின் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை.

“என்னால உனக்கு இப்படி ஆயிடுச்சே!” என்று அந்தக் கைகளில் முகம் புதைத்து அழுதாள். இது ஜாடிக்குள்ளிருந்து வந்த குரல் இல்லை. பருவெல்லாம் நெருடிய அந்த ஈர முகத்தை மணிமாலை விடவே இல்லை.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பிறகு ராஜா, இளையவளே இனி பட்டத்துக்கு உரியவள் என்றார். அரண்மனை ஜோசியர் வழக்கம்போல ஓடிவந்து அவள் கையை விரித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதிரியைப் பற்றியும் ஆயுளைப் பற்றியும் சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வாயை மூடிக்கொண்டார். மணிமாலை சிரித்துவிட்டுச் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவள் எத்தனை காலம் ஆண்டாள் என்று என்னைக் கேட்காதீர்கள், அதை யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை.