லிஃப்ட்டில் ஒதுங்கி நின்றவர்

இதைப் பல வருடங்கள் நான் நம்பவில்லை. சொன்ன இன்னாசிமுத்து அண்ணன் பொய் பேசுகிறவர் அல்ல. இருந்தும், கடைசியில் அவர் சிரித்தார் என்கிற இடம் மட்டும் எனக்குள் இறங்கவில்லை.

இன்னாசிமுத்து, பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு நாற்பது வயதில் ஆராய்ச்சிக்குப் போனவர். அவருடைய வழிகாட்டி பேராசிரியை குமுதவல்லி வயதில் இளையவர். மாணவரை "சார்" என்றுதான் கூப்பிடுவார்.

பேட்டரிக்கான ஒரு புதுப்பொருள். அதற்குள் சோடியம் அயனி எளிதாக நகருமா என்று கணினியில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அயனி நகரவில்லை. எந்த வழியில் தள்ளிப் பார்த்தாலும் நகரவில்லை.

"இந்தப் பொருள் தேறாது மேடம். நான் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிடறேன்."

"கணக்குல எத்தனை அயனி வெச்சீங்க?"

"ஒண்ணுதான். பொருள்ல ஒரு சின்னத் துண்டு, ஒரு பெட்டி அளவுக்கு. பெருசா வெச்சா சூப்பர் கம்ப்யூட்டர்ல வாரக்கணக்கா வரிசையில நிக்கணும்."

"பெட்டிக்கு வெளியே?"

"அதே பெட்டிதான், நாலாபக்கமும் திரும்பத் திரும்ப. எல்லாரும் அப்படித்தானே போடறோம்?"

"வாங்க, டீ குடிக்கலாம்."

லிஃப்ட்டில் இருபுறமும் கண்ணாடி. வேலையை விடும் யோசனையிலேயே உள்ளே நுழைந்த இன்னாசிமுத்து, பக்கத்தில் நின்றவர்மேல் இடிக்காமல் சற்று ஒதுங்கினார். அந்தப் பக்கமும் ஒருவர் நின்றார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு இவர் நடுவில் அசையாமல் நின்றுவிட்டார்.

"யாருக்கு சார் இடம் விடறீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பக்கமும், கண்ணுக்கு எட்டிய மட்டும், பையை அணைத்தபடி அவரே நின்றிருந்தார்.

கதவு திறந்தது. அவர் இறங்கவில்லை.

"மேடம், அந்த அயனியை நகர விடாம நெருக்கினது..."

"ம்."

"பக்கத்துப் பெட்டியில இருந்த அதுவேதானா?"

"பெட்டியைப் பெருசாக்கிப் பாருங்க. வரிசையில நிக்கிறது வாத்தியாருக்குப் புதுசா என்ன?"

அங்கேதான் இன்னாசிமுத்து சிரித்தாராம். லிஃப்ட் கதவு மூடித் திறக்கிற வரைக்கும் சிரித்தாராம்.

பெரிய பெட்டியில் அயனி நகர்ந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பொருளோடுதான் இன்றைக்கும் அவர் வேலை செய்கிறார். ஆனால் அது நடந்தது பல வாரங்கள் கழித்து. போன மாதம் அவரைப் பார்த்தபோது கேட்டே விட்டேன்:

"அது நகரும்னு அந்த நிமிஷம் உங்களுக்குத் தெரியாதே, அண்ணே. தப்பு உங்களோடதுங்கிறது மட்டும்தானே தெரிஞ்சுது. அதுக்கா சிரிச்சீங்க?"

"தப்பு என்னோடதுன்னா பொருள் மேல தப்பில்லையே" என்று சொல்லி அவர் மறுபடியும் சிரித்தார்; அப்போதுதான் நம்பினேன்.