சத்தமில்லாமல் ஓடிய பாட்டு

"அவரு பாட்டுல அவரேதான் நிக்கிறாரு. அந்த அம்மாவைத்தான் காணோம்."

ஸ்டுடியோ வேப்பமரத்தடியில் டீயை ஆற்றிக்கொண்டே, கோரஸ் பாடும் பெண் ஒருத்தி தன் தோழியிடம் சொன்னது இது. மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற காருக்குள் கவிஞர் செங்கதிரோன் உட்கார்ந்திருந்ததை அவள் பார்க்கவில்லை.

பாட்டு அவருடையதுதான். அன்று காலை ஒத்திகைக்கு வந்து, டைரக்டர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த பாட்டு. பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டுத் தனியாக வீடு திரும்பிய தாய் ஒருத்தி பாட வேண்டியது. மெட்டு தயார். பல்லவி மட்டும் அமையவில்லை. எத்தனையோ எழுதியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு. அதற்குள் வராவிட்டால் மெட்டு வேறு கைக்குப் போய்விடும் என்று டைரக்டர் மிகவும் மரியாதையாகச் சொல்லியிருந்தார்.

தோழி சிரித்தாள். "போன மாசம் ஒரு டப்பிங் படம் பார்த்தேன். கிணத்தடியில உக்காந்து ஒருத்தி பாடுவா. வீட்டுக்கு வந்தும் எனக்கு அடங்கலை. யார் எழுதினதோ."

"டப்பிங் பாட்டையெல்லாம் யாராவது எழுதுவாங்களாடி? அது படத்தோட வர்றது."

இருவரும் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்.

போஸ்டரில் கதாநாயகன் பெயருக்கு அடுத்த வரியில் பெயர் வருகிற கவிஞர் அவர். ஊர் ஊராக மாலை வாங்கிய கழுத்து. இப்படி ஒரு சொல்லை அவர் காது இதுவரை கேட்டதில்லை. கோபம்தான் முதலில் வந்தது. அது போன பிறகு பயம் வந்தது. அவள் சொன்னது சரி என்று அவருக்கே தெரிந்திருந்தது.

டிரைவரை அனுப்பி, அந்தக் கிணற்றடிப் பாட்டு யாருடையது என்று விசாரிக்கச் சொன்னார்.

புரொடக்‌ஷன் மேனேஜரே நேரில் வந்தார். "சவரிமுத்துவா? வாய் பார்த்தே சம்பாதிக்கிற ஒரே ஆளு நம்ம கோடம்பாக்கத்துல அவருதாங்க" என்று சிரித்தார்.

டப்பிங் படத்தில் திரையில் இருப்பவரின் வாயசைவுக்குத் தகுந்தபடி சொல் போட வேண்டும். அதனால் வந்த கேலி.

அவர் கதையையும் மேனேஜர் சொன்னார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மாதா கோயில் திருவிழா நாடகங்களுக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்துவிட்டுப் பட்டணம் வந்தார். முதலில் எழுதிய படம் பாதியில் நின்றது. அடுத்த படம் வெளிவந்தது. நீளம் அதிகம் என்று அவர் பாட்டு வெட்டுப்பட்டது. பிறகு யாருக்கோ காய்ச்சல் என்று ஒரு டப்பிங் படத்துக்கு ஆள் தேடினபோது கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து வடக்கத்திப் படம், தெலுங்குப் படம் என்று அதிலேயே இருக்கிறார். அவர் பெயர் திரையில் ஓடும்போது ஜனங்கள் இன்னும் இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ரேடியோவில் படத்தின் பெயரைச் சொல்வார்கள், பாடியவர் பெயரைச் சொல்வார்கள், அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிடும்.

"என்னென்ன பாட்டு?" என்று கேட்டார் செங்கதிரோன்.

மேனேஜர் ஒவ்வொன்றாக முதல் அடியைச் சொன்னார். ரயிலில் கண் தெரியாதவர்கள் பாடிக்கொண்டு வருவது ஒன்று. செங்கதிரோனின் தங்கை தன் பிள்ளைகளைத் தூங்க வைக்கப் பாடியது ஒன்று. கல்யாண வீட்டில் பெண்ணை அனுப்பும்போது பாண்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பது ஒன்று. கேட்கக் கேட்கச் செங்கதிரோனுக்கு உடம்பு சிலிர்த்தது. அதில் இரண்டு, குளிக்கும்போது அவரே முணுமுணுக்கிற பாட்டுகள்.

*

டப்பிங் தியேட்டர் என்பது ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்த ஒரு சின்ன கூடம். உள்ளே சவரிமுத்து மட்டும் இருந்தார். செங்கதிரோனைவிட வயதில் இளையவர். எழுந்து கும்பிட்டு, சுவரோரம் இருந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

செங்கதிரோன் சுற்றி வளைக்கவில்லை.

"நீங்க எழுதின பாட்டுல நீங்க எப்படி இல்லாம இருக்கீங்க?"

சவரிமுத்து திரையைக் காட்டினார்.

ஒரு பெண். வடக்கத்திச் சேலைக்கட்டு. மடியில் ஏதோ துணி. வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். சத்தம் இல்லை. சற்று நேரத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பிலிம் துண்டின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கிவிட்டால், நிறுத்தும்வரை அது திரும்பத் திரும்ப ஓடும்.

"என்ன பாடுறாங்க?" என்று கேட்டார் சவரிமுத்து.

"எனக்கு அந்தப் பாஷை தெரியாதே."

"எனக்கும் தெரியாது."

செங்கதிரோன் திரும்பிப் பார்த்தார். "பிறகு எப்படி எழுதுறீங்க?"

"அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் உக்காந்திருப்பேன்."

பாட்டின் பொருளைக் கம்பெனியில் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளின் மேல் டீ தம்ளர் இருந்தது.

சவரிமுத்து மறுபடி திரையைப் பார்க்கத் தொடங்கினார். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் தங்களை அறியாமல் தாங்களும் வாயைத் திறப்பார்களே, அப்படி அந்தப் பெண்ணோடு சேர்ந்து அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

தானும் இந்தப் பாட்டுக்கு எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டார் செங்கதிரோன். ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரத்தில் எழுதியும் விட்டார். வானத்து நிலவும் வாடாத மலரும் அதில் இருந்தன. திரையோடு சேர்த்துப் படிக்கச் சொன்னார் சவரிமுத்து. செங்கதிரோன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் படிப்பது போல் நிறுத்தி நிதானமாகப் படித்தார். 'நிலவே' என்று நீட்டுகிற இடம் வந்தது.

"வாயை மூடிக்கிட்டாங்க, ஐயா" என்றார் சவரிமுத்து.

பின்னால், படம் ஓட்டும் ஆபரேட்டர் அறைக்குள் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

*

மறுநாள் செங்கதிரோன் விடிந்ததும் வந்துவிட்டார். மத்தியானம்வரை வாயைத் திறக்காமல் பார்த்தார். அவள் உதடு ஒட்டுகிற இடத்திலெல்லாம் மகரமும் பகரமும் வைத்தார். திறக்கிற இடத்திலெல்லாம் ஆகாரம் வைத்தார். வேண்டாத உவமைகளை அடித்தார். படித்தபோது, முன்பின் தெரியாத அந்தப் பெண் தமிழில் பேசினாள். அவருக்கே புல்லரித்தது.

"ஒத்துப்போச்சா?"

"அச்சா ஒத்துப்போச்சு" என்றார் சவரிமுத்து. ஆனால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"அப்போ இன்னும் என்ன குறை?"

"அவங்க கை என்ன செய்யுதுங்க, ஐயா?"

கையை அவர் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தார்.

மடியில் இருந்தது ஒரு சின்னச் சட்டை. அவள் அதற்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் பொத்தானைப் போட்டதும், கழுத்தை இறுக்குகிறதோ என்று காலருக்குள் ஒரு விரலை விட்டு மெல்லத் தளர்த்திவிட்டாள். உள்ளே கழுத்து இல்லை.

வளையம் சுற்றி வந்தது. மறுபடி பொத்தான். மறுபடி விரல்.

விரல் போகிற அந்த இடத்தில் அவள் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. செங்கதிரோன் அங்கே 'கண்ணே' என்று எழுதியிருந்தார்.

"அந்த இடத்துல அவங்க பாடவே இல்லை" என்றார்.

"ஆமாங்க."

"நீங்க இதை எப்போ பார்த்தீங்க?"

"இன்னைக்குக் காலையிலதான். அதுவரைக்கும் நானும் ஊர் சொல்ற மாதிரி வாய்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

செங்கதிரோன் 'கண்ணே'யை அடித்தார். அந்த இடத்துக்கு வேறொரு சொல்லைத் தேடினார். பிறகு தேடவில்லை.

பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: "இத்தனை ஜனங்க பாடுறாங்க. எழுதினது நீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியலை. மனசுக்குக் கஷ்டமா இல்லையா?"

சவரிமுத்து கொஞ்சம் கூச்சப்பட்டார். "என் பேரு தெரிஞ்சா அந்த அம்மாவுக்குத்தானே சங்கடம்? சொந்தப் பாட்டைப் பாடுறதா நினைச்சுக்கிட்டிருக்காங்க."

*

வியாழக்கிழமை மத்தியானம் டைரக்டரிடமிருந்து ஆள் வந்தது. இன்னொரு கவிஞரைச் சாயங்காலம் வரச் சொல்லியிருப்பதாகவும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனது.

செங்கதிரோன் நேரே டப்பிங் தியேட்டருக்கு வந்தார். முந்தின இரவு முழுக்கத் தூங்காத முகம். தன் பாட்டில் வரும் அந்தத் தாய்க்கு நிலவையும் கொடுத்துப் பார்த்துவிட்டார், நிலவை எடுத்தும் பார்த்துவிட்டார். அவள் வரவில்லை. தன் குரல்தான் திரும்பத் திரும்ப வந்தது.

"உங்களுக்கென்ன, சவரிமுத்து. படம் எடுத்து உங்க கையில கொடுத்துடுறாங்க. ஒரு முகம் இருக்கு, ஒரு கை இருக்கு, பார்த்து எழுதுறீங்க. எனக்குப் பாட்டு வந்தப்புறம்தான் படமே எடுப்பாங்க. அந்த அம்மாவை இன்னும் யாருமே பார்க்கலை. நான் யாரைப் பார்க்கட்டும்?"

கேட்டுக்கொண்டிருந்த சவரிமுத்து எழுந்தார். ஆபரேட்டர் அறையின் ஜன்னலருகே போனார்.

"அண்ணே, அந்தத் துண்டைக் கழட்டிடுங்க. விளக்கு மட்டும் எரியட்டும்."

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவள் மறைந்தாள். திரை வெள்ளையாக நின்றது.

"பாருங்க, ஐயா. டீ குடிச்சிட்டு வந்துடுறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

செங்கதிரோன் நன்றாகப் பார்ப்பதற்காகச் சுவரோரம் கிடந்த நாற்காலியைக் கூடத்தின் நடுவே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிள்ளையைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறவளை நினைத்தார். கதவைத் திறப்பாளா, வாசலிலேயே நிற்பாளா?

திரையின் கீழே கறுப்பாக என்னவோ தெரிந்தது. துணியில் கறை போலும் என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கறையும் கையைத் தூக்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டது.

பத்திரிகைப் படங்களிலெல்லாம் அச்சாகிற அந்த உயர வாரிய தலைமுடி. தோளில் விசிறி மடிப்புத் துண்டு.

இடது பக்கம் சாய்ந்தார். அதுவும் சாய்ந்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அது இன்னும் பெரிதாகிப் பாதித் திரையை மறைத்தது.

ஆபரேட்டரைக் கூப்பிட வாயெடுத்தார். கூப்பிடவில்லை.

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். முதுகுக்குப் பின்னாலிருந்து திரைக்குப் போன வெளிச்சத்தில் தூசி மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அசையாமல் இருந்தார். அதுவும் அசையவில்லை.

பிறகு செங்கதிரோன் எழுந்தார். நாற்காலியைக் கொண்டுபோய் ஓரமாக வைத்துவிட்டு வந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, வெறும் தரையில் உட்கார்ந்தார். வெளிச்சம் தலைக்கு மேலே போனது; திரை முழுக்க வெள்ளையாக இருந்தது.