முதலில் வாயைத் திறந்தது யார்?

ஒரு விடுகதை போடுகிறேன், அவிழுங்கள் பார்ப்போம். ஒருத்தர் வாயில் பிறக்கும், அடுத்தவர் வாய்க்குத் தாவும். கட்டிப்போடக் கயிறும் இல்லை, அடைத்து வைக்கக் கூண்டும் இல்லை. அது என்ன? தும்மலா? தும்மல் தாவாது. சிரிப்பா? கிட்டே வந்துவிட்டீர்கள், ஆனால் சிரிப்பு இல்லை. ஏய், ஓரத்தில் சாய்ந்திருக்கிற குட்டி, இப்போது நீ வாயைத் திறந்தாயே, அதுதான்! கொட்டாவி.

கொன்றையூர் என்று ஓர் ஊர், அந்த ஊருக்கு ஒரு ராஜா. அவர் சபைக்கு வரும்போதெல்லாம் முன்னால் நின்று கட்டியம் கூற ஓர் ஆள் இருந்தாராம், பெயர் தாண்டவன். அவருடைய மகள்தான் நாச்சியா.

ஒருநாள் பக்கத்து நாட்டு ராஜா விருந்தாளியாக வந்தார். தாண்டவன் வீட்டிலோ கைக்குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம். ராத்திரி முழுக்க அழுது தகப்பனைத் தூங்கவிடவில்லை. அப்படியே எழுந்து வந்த தாண்டவன், “ராஜாதி ராஜ, ராஜ கம்பீர, ராஜ மா...” என்றார். அங்கே நின்றுவிட்டது. மீதி எல்லாம் “ஆஆஆ” என்று வந்தது.

அந்த ஆஆஆ மந்திரிக்குத் தாவியது, மந்திரியிடமிருந்து சேனாபதிக்குத் தாவியது, சேனாபதியிடமிருந்து ராஜாவுக்கே தாவியது. “நான் வந்தது உமக்கு அவ்வளவு அலுப்பா?” என்று கேட்க வாயைத் திறந்தார் விருந்தாளி ராஜா. அவருக்கும் கொட்டாவிதான் வந்தது. கோபத்தோடு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

அப்பாவுக்கு மோர் கொண்டுவந்த நாச்சியா வாசல் தூணைப் பிடித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கூப்பிடுங்க ஐயந்தீர்த்தாரை!” என்று ராஜா கத்தினார்.

ஐயந்தீர்த்தார் சபையின் பெரிய பண்டிதர். நிஜமாகவே நிறையப் படித்தவர்தான். ஆனால் ‘தெரியாது’ என்கிற ஒரு சொல் மட்டும் அவர் வாய்க்குப் பழக்கமே இல்லை. கொட்டாவி ஏன் தாவுகிறது என்று ராஜா கேட்டதும் அவருக்கு வியர்த்தது. தாடியைத் தடவினார், கூரையைப் பார்த்தார், அப்புறம் ஒன்றைக் கட்டிவிட்டார்.

“ராஜா, முதல்ல கொட்டாவி விடுறவன் மத்தவங்க மூச்சை உறிஞ்சிடுறான். மூச்சு குறைஞ்சவங்க வாயைப் பிளக்கிறாங்க. மூச்சு குறைஞ்சா ஆயுசும் குறையும்.”

“ஐயோ, என் ஆயுசா?” என்று ராஜா மார்பைப் பிடித்துக்கொண்டார். “நாளன்னைக்குக் காலையில தாண்டவன் குடும்பத்தோட எல்லையைத் தாண்டணும்!”

நாச்சியா வீட்டுக்கு வந்தால் அம்மா அழுகிறாள். “பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எந்த ஊருக்கடி போறது?”

“ஏம்மா, அவர் சொன்னது நெசமா?”

“பண்டிதரே சொல்லிட்டார். நெசமாத்தான் இருக்கும்.”

“இருந்தா இருக்கட்டும். பார்த்துடுறேன்” என்றாள் நாச்சியா.

தம்பியைத் தூக்கி மடியில் வைத்து, அவன் முகத்துக்கு நேரே பெரிதாகக் கொட்டாவி விட்டாள். தம்பி வாயைப் பிளக்கவில்லை. அவள் வாய்க்குள் விரலை விட்டுச் சிரித்தான். மடியில் இருக்கிறவன் மூச்சையே உறிஞ்ச முடியவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் ஏரிக்கரைக்குப் போனாள். அந்தக் கரையில் ஆடு மேய்க்கிறவர் ஒரு கொட்டாவி விட்டார், இந்தக் கரையில் இவளுக்கு வந்துவிட்டது. இத்தனை தண்ணீரைத் தாண்டி என் மூச்சை எப்படி உறிஞ்சினார்? வீட்டுக்கு ஓடிவந்து இந்த இரண்டையும் அம்மாவிடம் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மாவுக்குக் கொட்டாவி வந்தது.

“யம்மா! நான் பேசத்தானே செஞ்சேன், வாயைப் பிளக்கலையே! வார்த்தையா மூச்சை உறிஞ்சும்?”

மறுநாள் சபைக்குப் போனாள்.

“பால் பல் விழாத பிள்ளைக்கெல்லாம் இங்கே என்ன வேலை?” என்றார் ஐயந்தீர்த்தார்.

“விழுந்துடுச்சுங்க, பாருங்க” என்று நாச்சியா பல் போன இடத்தைக் காட்டினாள். ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பேசட்டும், விடும்” என்றார்.

“எங்கப்பாவுக்கு அது எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போறேன், ராஜா. முதல்ல தாடை கனக்கும். அப்புறம் காதுக்குள்ள குறுகுறுங்கும். அப்புறம் மூக்கு விடைக்கும். அப்புறம் வாய் மெள்ள, மெள்ள, மெள்ள...”

ஐயந்தீர்த்தார் உதட்டை இறுக்கினார், கன்னம் உப்பியது, கண்ணில் தண்ணீர் முட்டியது. அதற்கப்புறம் தாங்குமா? ஆஆஆ! சபைத் தூணெல்லாம் எதிரொலித்தது. அது மந்திரிக்குத் தாவியது, மந்திரியிடமிருந்து சேனாபதிக்குத் தாவியது, சேனாபதியிடமிருந்து ராஜாவுக்குத் தாவியது.

“ராஜா, இப்ப முதல்ல வாயைத் திறந்தது யாரு?” என்று கேட்டாள் நாச்சியா.

எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

“ஐயந்தீர்த்தாரே, என் ஆயுசை உறிஞ்சிட்டீரா?”

“ஐயோ, இல்லை ராஜா! ஒரு துளிகூட இல்லை!”

“அப்போ தாண்டவன் உறிஞ்சினான்னீரே? கொட்டாவி ஏன்தான் தாவுது?”

பண்டிதர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். மூன்றாம் முறை திறந்தபோது, “எனக்கு... எனக்குத் தெரியாது, ராஜா” என்றார்.

தாண்டவன் தண்டனை அப்போதே ரத்தானது. ஐயந்தீர்த்தார் பட்டம் பறிபோனது. அதோடு விட்டாரா ராஜா? தினமும் காலையில் அரண்மனை வாசலில் நின்று, “கொட்டாவி ஏன் தாவுதுன்னு எனக்குத் தெரியாது!” என்று ஊருக்கே கேட்கும்படி பண்டிதர் கூவவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

கேட்டவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே சிரித்தார்கள். பண்டிதர் தலையைத் தூக்கவே இல்லை. ஒருநாள் சேனைக்கிழங்கு விற்கிற ஓர் அம்மா நின்று, “சாமி, எங்க வீட்டு நாய்க்கும் தாவுதுங்க” என்றாள். இன்னொருத்தர், “கண் தெரியாத எங்க மாமனுக்குச் சத்தம் கேட்டாலே வருதுங்க” என்றார். பண்டிதர் தலை நிமிர்ந்தது. “அப்படியா? எப்பெப்ப வருது? சொல்லுங்க, சொல்லுங்க” என்றார். அதுவரை எல்லாருக்கும் பதில் சொல்லியே பழகியவர், இன்னொருத்தரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் தினமும் வாசலில் கூட்டம், தினமும் ஒரு புதுச் சேதி.

கொஞ்ச நாள் போனது. ராஜா நாச்சியாவைக் கூப்பிட்டனுப்பினார்.

“நீயாவது சொல்லு தாயி, ஏன் தாவுது?”

“தெரியாது ராஜா. மூச்சை உறிஞ்சலைங்கிறது மட்டும் தெரியும்.”

“அது போதும். பண்டிதர் ஆசனம் காலியா இருக்கு. ஏறி உட்கார்ந்துக்கோ, கேட்கிறவங்களுக்கெல்லாம் பதில் சொல்லு. அது வேண்டாம்னா, வேற என்ன வேணும்னு கேளு.”

நாச்சியா பட்டு விரித்த ஆசனத்தைப் பார்த்தாள்.

“ராஜா, ஒரு யானை கொட்டாவி விட்டா பக்கத்து யானைக்குத் தாவுமா?”

“தெரியலையேம்மா” என்றார் ராஜா.

நாச்சியா ஆசனத்தில் உட்காரவில்லை. யானைக் கொட்டிலுக்குப் போனாள்.