கூரை மேல் உட்கார்ந்த மயில்

ஒரு காட்டில், வண்டித் தடம்கூடப் போகாத கடைக்கோடியில், ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, பிள்ளைகளே. அதன் கூரையில் முறம் அகலத்துக்கு ஓர் ஓட்டை. மழை வந்தால் பாடம் நின்றுவிடும். முயலும் அணிலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டன: "இந்த மழைக்கும் ஒழுகினால் எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம்."

பிள்ளைகள் வராவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள். ஆமை ஆசிரியருக்கு அதுதான் கவலை. "எனக்கென்ன, முதுகிலேயே கூரை இருக்கிறது. இந்தக் குட்டிகள் எங்கே போகும்?" என்று வருந்தினார். கூரை வேயப் புல் கேட்டுச் சிங்க ராஜாவுக்கு இரண்டு வருஷமாக மனு எழுதினார். ஒரு துரும்பும் வரவில்லை.

அந்த ஐப்பசியில், பள்ளியைப் பார்வையிட ராஜாவின் யானை அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. ஊர்த்தலைவர் மயிலுக்கு ஒரே பரபரப்பு.

"பெரியவர் வருகிறார்! வாசலில் தோரணம் கட்டுங்கள். கிழிந்த பாயை ஒளித்துவையுங்கள். பக்கத்து ஊரில் நல்ல பாயாக இரவல் வாங்குங்கள்!"

"தலைவரே, அந்த ஓட்டையைக் காட்டத்தானே மனு மேல் மனு போட்டோம்?" என்றார் ஆமை.

"சும்மா இரும் வாத்தியாரே! வந்தவர் முன்னால் ஊர் மானம் போக வேண்டுமா? போன தடவை போலவே நான் பார்த்துக்கொள்கிறேன்."

மயில் கூரை மேல் ஏறி, ஓட்டையைத் தோகையால் மூடி, ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார். கீழே இருந்து பார்த்தால் பச்சையும் நீலமுமாய்ப் பட்டுத் துணி கட்டியது போல் இருந்தது! ஊரார் முன்னால் தலைவரை விட்டுக்கொடுக்க முடியுமா? ஆமை வாயை மூடிக்கொண்டார்.

யானை வந்தார். சுற்றிப் பார்த்தார். "அடடே, அருமையான பள்ளி!" என்று ஓலையும் எழுத்தாணியும் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்தா வானம் கறுக்க வேண்டும்? மேகத்தைக் கண்டால் மயிலுக்குக் கால் நிற்குமா? முதலில் கழுத்து ஆடியது. பிறகு ஒரு கால் எழும்பியது. "வேண்டாம், வேண்டாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஓர் இடி இடித்தது. அவ்வளவுதான்! துள்ளி எழுந்து, தோகையை விரித்து, ஆடத் தொடங்கிவிட்டார்.

ஓட்டை வழியாக மழை சடசடவென்று யானையின் தலையில் கொட்டியது. இரவல் பாய்களும் நனைந்தன.

யானை அண்ணாந்து பார்த்தார். கோபப்படவில்லை. பையிலிருந்து பழைய ஓலைகளை எடுத்துப் புரட்டினார்.

"போன வருஷம், 'குறை ஒன்றும் இல்லை.' அதற்கு முந்தின வருஷமும், 'குறை ஒன்றும் இல்லை.' இரண்டு முறையும் உங்களுக்கென்று வைத்திருந்த புல்லை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டேன். அப்போதும் இவர்தான் மேலே இருந்தாரா?"

ஆமைக்குத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் இழுக்கவில்லை.

"ஆமாம் ஐயா. நானும் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றேன். எங்கள் கூரை ஒழுகுகிறது. புல் வேண்டும்."

யானை அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். நான்காம் நாள் புல்கட்டுகள் வந்து இறங்கின. முதல் கட்டைத் தூக்கிக்கொண்டு கூரை ஏறியவர் மயில்தான். அன்றும் வானம் கறுத்திருந்தது. வேலை முடியும்வரை அவர் ஆடவில்லை.

நீதி: தீர்க்க வந்தவரிடம் குறையை மறைத்தால், அந்தக் குறை நம்மோடே தங்கிவிடும்.