மணலைச் சலிக்கும் அயிரை

மரமும் மீனும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஆற்று நீர் மணலின் மேலேதான் ஓடும். உள்ளே இறங்காது. அதற்கு இறங்கத் தெரியாது என்றுகூடச் சொல்லலாம்.

அயிரை மீன்கள் அப்போது பாசியில்தான் முட்டையிட்டன. ஒரு வருஷம் கெண்டைகள் கூட்டமாக வந்து பாசியோடு முட்டையையும், காவல் நின்ற அயிரைகளையும் மேய்ந்துவிட்டன. மிஞ்சியவை அக்காவும் தங்கையுமாக இரண்டு அயிரைகள். இருவரும் அடுத்து இட்ட முட்டைகளை மணலுக்குள் புதைத்தார்கள். கரையில் நின்ற ஒரு மருத மரத்துக்கு மேல்பக்கம், நீர் வரும் திசையில், தங்கையுடையது; கீழ்ப்பக்கம் அக்காவுடையது.

மூன்றாம் நாள் தங்கை மணலை விலக்கிப் பார்த்தாள். முட்டைகள் மூச்சில்லாமல் கறுக்கத் தொடங்கியிருந்தன. வெளியே எடுத்தால் கெண்டைக்கு இரை. ஆற்றிடம் போய், கொஞ்சம் உள்ளே இறங்கி வா என்று கெஞ்சினாள். நின்றால்தானே இறங்க முடியும், என்னை நிறுத்த யார் இருக்கிறார்கள் என்று கேட்டபடியே ஆறு போய்விட்டது.

கரை அரித்து அரித்து மருத மரம் பாதி வேரில் நின்றது. எந்தப் பக்கம் விழுவது என்பதுதான் பாக்கி. குறுக்கே விழச் சொல்லித் தங்கை கேட்டாள்.  மரம் சொன்னது:

"விழுறேன். தண்ணி முட்டிக்கிட்டு மணலுக்குள்ள இறங்கும், உன் முட்டை பிழைக்கும். ஆனா என் வேர் அங்கேயே கிடந்ததால சொல்றேன். உள்ளே போற தண்ணி வேற, வெளியே வர்ற தண்ணி வேற. மூச்சையெல்லாம் விட்டுட்டு, மண்ணுல கிடக்கிற உப்பையும் துருவையும் வாரிக்கிட்டுத்தான் எனக்குக் கீழ்ப்பக்கம் வெளியே வரும். அங்கே யாரும் இல்லையே?"

தங்கை கீழ்ப்பக்கம் பார்த்தாள். அக்கா தன் முட்டைகளின் மேல் வாலால் மணல் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்லண்ணே."

மரம் விழுந்தது. ஆறு முட்டியது, உயர்ந்தது, முதல் முறையாக மணலுக்குள் இறங்கியது. இரண்டே நாளில் தங்கையின் குஞ்சுகள் நெளிந்து வெளியே வந்தன. கீழ்ப்பக்கம் மணலிலிருந்து செம்பழுப்பாக ஏதோ கசிந்தது. அக்காவின் முட்டைகள் அதில் ஊறிக் கிடந்தன.

அக்கா திட்டவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது.

"உன்னுது?" என்றாள்.

"பிழைச்சிருச்சு."

"சரி, உன்னுதாவது பிழைச்சுதே. என்னுதுல ஒண்ணு ரெண்டு அடியில கிடக்கும். கொஞ்சம் தேடிக் குடு."

தங்கை ஒரு வாய் மணலை அள்ளினாள். சலித்தாள். துப்பினாள். மறுபடி அள்ளினாள். அக்கா செத்த பிறகும் நிறுத்தவில்லை. அவள் குஞ்சுகளும், ஏன் என்று கேட்காமல், அதையே செய்தன.

ஆற்றில் மரம் விழுந்து கிடந்தால் மேல்பக்கம் நீர் மணலுக்குள் இறங்குவதும், கீழ்ப்பக்கம் துருவாகக் கசிவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். குழம்பு வைக்குமுன் அயிரையைப் பாலில் விட்டுப் பாருங்கள். உயிர் இருக்கிற மட்டும் மணலைத் துப்பிக்கொண்டே இருக்கும்.