துதிக்கை வைத்த ளை

முப்பிடாதி தன் ஆசிரியையைக் கடைசியாக உயிரோடு பார்த்தது டயாலிசிஸ் வார்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. செய்யதம்மாள் டீச்சருக்கு நாற்பது வயது. முப்பிடாதிக்கு அறுபத்து நாலு. குடிநீர் வாரியத்தில் மோட்டார் ஓட்டி ஓய்வு பெற்றபின் டீச்சரிடம் கம்ப்யூட்டர் படிக்கப் போனவர்.

போனதற்குக் காரணம் ஒன்றுதான். இறந்துபோன மனைவி வெள்ளையம்மாளுக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் மட்டும். அதில் வரும் ளையைப் பழைய முறையில், ளவுக்கு முன்னால் யானைத் துதிக்கை போல ஒரு சுழி வைத்துத்தான் எழுதுவாள். புதிய ளையைக் காட்டினால், "இது எவளோ ஒருத்தி பேரு" என்பாள். இப்போது அவள் சமாதிக்குக் கல் வெட்டுகிறவன், கம்ப்யூட்டரில் இருக்கிற எழுத்தைத்தான் வெட்டுவேன் என்கிறான்.

துதிக்கை எழுத்தை முப்பிடாதி வரைந்து எழுத்துருவுக்குள் வைத்துவிட்டார். ளவும் ஐகாரக் குறியும் சேர்ந்தால் அதுதான் வரவேண்டும் என்று விதி எழுதுவது பாக்கி. அதற்கு மென்பொருள் தேடியே ஒரு மாதம் போயிற்று.

"பதினோரு சாமான் இறக்கிப் பாத்தாச்சு டீச்சர். பூராவும் இலவசம்னு போட்டிருக்கான். ஒருத்தன் முப்பது நாள்ல கதவைச் சாத்திட்டான். இன்னொருத்தன் எல்லாம் செய்யவிட்டுட்டு, சேமிக்கப் போனா காசுங்கான். என் பொண்டாட்டி பேரை எழுத நான் எந்தப் பயகிட்ட உத்தரவு கேக்கணும்?"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவா, அண்ணாச்சி. எனக்கு பிரஷர் ஏத்தாதீங்க. இங்க ஏற்கெனவே ஒரு மெஷின் ஓடுது."

ஊசி குத்தாத கையால் டீச்சர் மடிக்கணினியைத் திறந்தார். வெறும் எழுத்துக் கோப்பு ஒன்று திரையில் வந்தது.

"விதின்னா வெறும் எழுத்துதான். இதுல எழுதுங்க. எழுத்துருவுக்குள்ள சேக்க கட்டற்ற மென்பொருள் இருக்கு. அதைச் செஞ்சவங்க யாரும் உத்தரவு கேக்கச் சொல்லல."

"இதுலயா? பலசரக்குச் சீட்டு எழுதுறதுல்லா இது!"

"எழுதுங்க."

முதலில் ள, பிறகு ஐகாரக் குறி, இரண்டுக்கும் பதில் துதிக்கை ளை என்று எழுதினார். எழுத்துருவில் சேர்த்துச் சோதித்தார். புதிய ளையே வந்தது.

"இவனும் களவாணிப்பயதான்!"

"உங்க வீட்டம்மா ளை எழுதும்போது எதை முதல்ல இழுப்பாங்க?"

முப்பிடாதியின் விரல் போர்வைமேல் ஓடியது. துதிக்கை முதலில். ள பிறகு.

"நீங்க வாய் சொல்ற வரிசையில எழுதிட்டீங்க. எழுத்துரு, கை எழுதுற வரிசையத்தான் பாக்கும்."

மாற்றி எழுதினார். வந்தது. வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மறுபடியும் முகம் சிவந்தது.

"டீச்சர், இதுக்கு ஒரு பூட்டுப் போடணும். இது அவ எழுத்து. எவனாவது கைய வச்சான்னா கைய முறிச்சிருவேன்."

"ஊர்ல வேற வெள்ளையம்மாளே கிடையாதா, அண்ணாச்சி?"



வெள்ளிக்கிழமை டீச்சர் மௌத்தானார். அவர்கள் அடக்கத்தலத்தில் பெயர்க்கல் வைக்கும் வழக்கம் இல்லை. அந்தக் கோப்பை முப்பிடாதி பூட்டில்லாமல் இணையத்தில் போட்டிருக்கிறார். இதுவரை ஒன்பது கற்களில் அந்த ளையை வெட்டியிருக்கிறார்கள்.