காய்ச்சலில் சோறு ஏன் கசக்கிறது

நம் உடம்புக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒருவன் தொண்டையில் ஆயிரமாயிரம் சின்ன வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி இருந்தன. அதில் ஒரு வீட்டில் அளவி என்ற அக்காவும் வளவன் என்ற தம்பியும் இருந்தார்கள்.

அரிசிப்பானைக்குக் காவல் அளவி. பானை நிறைந்திருந்தால் "கட்டுடா" என்பாள், வளவன் புது அறை எழுப்புவான். பானை இறங்கினால் "போதும், அடுப்பை அணை" என்பாள், அவனும் கையைக் கழுவிவிடுவான். கடவுள் புண்ணியத்தில் அப்படியே பிழைத்து வந்தார்கள்.

ஒரு மத்தியானம் வாசலில் ஒருவன் வந்து நின்றான். அவனுக்கு அடுப்பும் இல்லை, பானையும் இல்லை. தன் உருவத்தை எழுதிய ஓலை ஒன்றுதான் கையில் இருந்தது.

"களைச்சு வந்திருக்கேன் தாயி. கொஞ்சம் உட்காரலாமா?"

"உள்ளே வாங்க" என்றாள் அளவி.

அந்த வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி இருக்கும்போது அரிசி இல்லை என்று வாய்திறக்கக் கூடாது. அது வந்தவனுக்கும் தெரியும்.

அவன் ஓலையை வளவனிடம் நீட்டினான். "இதில இருக்கிறபடி எனக்கு ஒரு பிள்ளை செய்து கொடு தம்பி."

"அக்கா சொல்லணுமே."

"அரிசி குறைஞ்சா சொல்லமாட்டாளா? பேசாமத்தானே இருக்கா."

வளவன் ஒன்று செய்தான். "இன்னொன்னு, இன்னொன்னு" என்று வந்தவன் கேட்கக் கேட்க, பத்து செய்தான். நூறு செய்தான். பானை இறங்கியது. அளவி கண்ஜாடை காட்டினாள், குனிந்து வேலை செய்தவன் பார்க்கவில்லை. விருந்தாளி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"முகம் வாடியிருக்கே தாயி, அரிசி கிரிசி தீர்ந்துபோச்சா?"

"அதெல்லாம் நிறைய இருக்குங்க" என்றாள் அவள்.

அந்த ஒரு பொய்தான். அரிசி தீர்ந்ததும் வளவன் வீட்டுத் தூணையே பிடுங்கிப் பிள்ளை செய்தான். அத்தனை பிள்ளைகளின் நெருக்கத்தில் சுவர் பிளந்து அவன் மேலேயே விழுந்தது. பிள்ளைகளோ ஆளுக்கோர் ஓலையோடு பக்கத்து வீட்டு வாசல்களில் போய் நின்றன.

அளவி தம்பியை மடியில் கிடத்தினாள். மூச்சு இல்லை. சாமியை நினைத்துக்கொண்டு, விருந்தாளி எதிரிலேயே குரல் கொடுத்தாள். "எங்க பானை காலி. எல்லாரும் அடுப்பை அணையுங்க. யார் வந்தாலும் சோறு இல்லைன்னு சொல்லுங்க." புகையைப் பார்த்தாவது நம்பட்டும் என்று தன் வீட்டுக்குத் தானே தீ வைத்தாள். அவள் வெளியே வரவில்லை.

சில வீடுகள் கேட்டன. சொல்ல வெட்கப்பட்ட வீடுகள் இடிந்தன.

அந்த நாளிலிருந்துதான், தொற்று நோய் வந்தால் உடம்பு நெருப்பாய்ச் சுடுகிறது, கை கால் ஓய்ந்துபோகிறது, கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாலும் காய்ச்சல்காரர்கள் "கசக்கிறது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். உள்ளே விருந்தாளி புகுந்த வீடுகள் எரிய, மற்றவர்கள் வீடு வீடாகச் சோறு இல்லை என்று சொல்லி அடுப்பை அணைத்துக்கொண்டிருக்கிறார்கள், எத்தனை வீடு மிஞ்சும் என்று தெரியாமல்.